மூடிய அரங்குகளும் அரசின் அவசர நிதியும்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் தேதி மாலை பிரிட்டிஷ் பிரதமர் நாட்டு மக்களுக்கு ஓர் அறிவுரை கூறினார். மதுக்கூடங்கள், உணவு விடுதிகள், நாடக அரங்குகள் ஆகியவற்றுக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அது. அரங்குகளை மூட வேண்டும் என்று அவர் ஆணையிடவில்லை. எனினும் பார்ப்பவர் வராத இடத்தில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? அன்றிரவே லண்டன் நகரின் நாடக அரங்குகள் விளக்கணைத்தன. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னரே, மார்ச் 12 அன்று, நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டிருந்தன. அறிவுரை வேறு, ஆணை வேறு. காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரும் அரங்க உரிமையாளருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. மேலும் பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்கள் இத்தகையதொரு நோயை எதிர்பார்த்து எழுதப்பட்டவையும் அல்ல. ஆகவே முதல் வாரத்திலேயே எல்லோருடைய கண்களும் அரசின் கருவூலத்தை நோக்கித் திரும்பின.

அரங்கக் கலைகளுக்கு மட்டும் தனியாக ஏன் அவசர நிதி வேண்டும் என்ற கேள்வி அப்போது பல நாடுகளில் எழுப்பப்பட்டது. தையற்கடையும் மூடப்பட்டிருந்தது, தேநீர்க் கடையும் மூடப்பட்டிருந்தது. இதற்குப் பொருளாதார முறையில் விடை உண்டு. நூற்பாலை ஒரு மாதம் நின்றால் பஞ்சு கிடங்கில் இருக்கும். ஆலை திறந்தபின் கூடுதல் முறைகளில் ஓட்டி இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். இன்றிரவு விற்காமல் போன நாடக இருக்கையை நாளை விற்க இயலாது. நிகழ்த்தும் கணத்திலேயே உற்பத்தியும் நுகர்வும் நடந்து முடிந்துவிடும் பண்டம் அது. அதற்குக் கிடங்கு கிடையாது. திரைப்படமும் இசைத்தட்டும் வேறு. அவை பெட்டியில் இருந்தும் சம்பாதிக்கும். மேலும், மற்றக் கடைகள் பாதி வாடிக்கையாளரைக் கொண்டு திறந்தபோதும் அரங்குகளால் திறக்க இயலவில்லை. நெருங்கி அமர்வதே அவற்றின் கணக்கு. இருக்கைகளில் மூன்றில் ஒன்றை மட்டும் நிரப்பி, நடிகர், இசைக்குழு, விளக்கு, வாடகை ஆகிய அனைத்துக்கும் முழுச் செலவு செய்து நடத்தும் நாடகம், மூடியிருப்பதைவிட அதிக நட்டம் தரக்கூடியது.

நோய் வருவதற்கு முன்னரே இக்கலைகளின் நிதிநிலை மெலிந்தே இருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலறிஞர்களான வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் இதற்கான காரணத்தை விளக்கியது. தொழிற்சாலையில் எந்திரத்தால் ஆள் ஒருவரின் உற்பத்தி ஆண்டுதோறும் பெருகுகிறது. அதற்கேற்பக் கூலியும் உயர்கிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை நால்வர்தான் வாசிக்க வேண்டும். அரைமணி நேர இசையைக் கால்மணி நேரத்தில் வாசித்து முடித்தால் அது திறமை ஆகாது. உற்பத்தித்திறன் உயராத துறை, பிற துறைகளில் உயரும் கூலியோடு போட்டியிட வேண்டியிருப்பதால் அதன் செலவு ஓயாமல் ஏறுகிறது. ஆகவே நல்ல காலத்திலேயே பெரும்பாலான குழுக்களிடம் சேமிப்பு என்று சொல்லத்தக்கது இருப்பதில்லை. 2020-இல் அடித்த புயல், கூரை ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த வீட்டின்மீது அடித்த புயலாகும்.

பிரிட்டனின் அனுபவத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்வது பயன் தரும். அங்கு உதவி பெரிது; அதன் குறையும் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் வந்தது கலைக்கென்றே அமைந்த உதவியன்று. எல்லாத் தொழிலாளருக்குமான ஊதிய உதவி. மார்ச் 20 அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, வேலையின்றி வீட்டில் இருக்க நேர்ந்த ஊழியரின் ஊதியத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுன் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்றது. அரங்கின் நுழைவுச்சீட்டு எழுத்தர், கணக்கர், மாதச் சம்பளம் பெறும் தச்சர் ஆகியோரை இத்திட்டம் காத்தது. ஆனால் பிரிட்டிஷ் நாடகத்துறையில் மேடையேறுபவர்களிலும் மேடைக்குப் பின்னால் உழைப்பவர்களிலும் பெரும்பகுதியினர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஒரு நாடகத்துக்கு ஓர் ஒப்பந்தம், அது முடிந்ததும் இன்னொன்று என்று வாழ்பவர்கள் அவர்கள். இத்தகையவர்களுக்காக மார்ச் 26 அன்று சுயதொழில் வருமான உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 80 சதவீதத்தை, அதே உச்சவரம்பில், மூன்று மாதங்களுக்கு அது வழங்கியது. விண்ணப்பம் பெறத் தொடங்கியது மே 13 அன்று.

இத்திட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. ஆண்டு லாபம் 50,000 பவுனுக்கு மிகுதல் கூடாது. 2018-19-ஆம் ஆண்டுக்கான வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். மொத்த வருமானத்தில் குறைந்தது பாதியாவது சுயதொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்க நியாயமானதே. மூன்றையும் ஒரு கலைஞரின் வாழ்க்கையின்மீது வைத்துப் பார்த்தால்தான் விளைவு தெரியும்.

உதாரணமாக, ஒரு வயலின் கலைஞரை எண்ணிக்கொள்ளலாம். வாரத்தில் இரு நாள்கள் பள்ளியில் இசை கற்பிக்கிறார். அதற்குச் சம்பளம் உண்டு. மற்ற நாள்களில் நாடக இசைக்குழுவில் ஒப்பந்தத்தின் பேரில் வாசிக்கிறார். ஆண்டு வருமானம் 24,000 பவுன். இதில் 12,500 பவுன் வாசிப்பிலிருந்தும் 11,500 பவுன் பள்ளியிலிருந்தும் வருகின்றன எனில், வாசிப்பு வருமானத்தின் 80 சதவீதம் என்ற கணக்கில் மூன்று மாதங்களுக்கு 2,500 பவுன் கிடைக்கும். இதே தொகைகள் இடம் மாறி, பள்ளியிலிருந்து 12,500 பவுனும் வாசிப்பிலிருந்து 11,500 பவுனும் வந்திருந்தால், அவர் இழந்த வாசிப்பு வருமானத்துக்கு ஒரு பென்னியும் கிடைக்காது. இரு நிலைகளிலும் அவர் இழப்பது ஏறத்தாழ ஒரே தொகை. கலைஞர் தமது வாழ்க்கையைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்ளவே பள்ளி வேலையைத் தேடியிருப்பார். அந்த முன்யோசனையே அவருக்கு எதிராக நின்றது. கல்லூரிப் படிப்பை முடித்து 2019-இல் மேடையேறிய இளைஞருக்கோ 2018-19-இன் வரிக்கணக்கே இல்லை. 2019-20-ஆம் ஆண்டின் கணக்கையும் ஏற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டபோது 2021-ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. சொந்தமாகச் சிறு கம்பெனி பதிவு செய்து அதன் வாயிலாக ஊதியம் பெற்ற கலைஞர்கள் சுயதொழிலாளர் பட்டியலிலேயே சேரவில்லை.

இக்குறைகளுக்கிடையே இங்கிலாந்தின் ஆர்ட்ஸ் கவுன்சில் விரைவாகச் செயற்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் மாத இறுதிக்குள்ளேயே 160 மில்லியன் பவுன் கொண்ட அவசர உதவியை அது அறிவித்தது. தன்னிடமிருந்த இருப்பையும், வேறு பணிகளுக்கென ஒதுக்கியிருந்த தொகைகளையும் திருப்பிவிட்டே இதைச் செய்தது. இதில் 140 மில்லியன் நிறுவனங்களுக்கு. 20 மில்லியன் தனிக் கலைஞர்களுக்கு. தனியொருவர் பெறக்கூடிய உச்சத்தொகை 2,500 பவுன். ஏழு பங்கு கட்டடத்துக்கு, ஒரு பங்கு மனிதருக்கு என்ற இவ்விகிதம் பின்னர் வந்த பெருநிதிக்கும் முன்னறிவிப்பாக அமைந்தது.

மே மாதத்தில் சவுத்தாம்ப்டன் நகரின் நஃபீல்ட் நாடக நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அடுத்து எது என்ற அச்சம் பரவியது. ஜூலை 5 அன்று பிரிட்டிஷ் அரசு 1.57 பில்லியன் பவுன், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 14,600 கோடி ரூபாய், மதிப்புள்ள பண்பாட்டு மீட்பு நிதியை அறிவித்தது. அந்நாட்டில் பண்பாட்டுத் துறைக்கு ஒரே வேளையில் அளிக்கப்பட்ட மிகப் பெரிய தொகை என்று அரசே இதனைக் கூறிக்கொண்டது. இங்கிலாந்தின் பண்பாட்டு நிறுவனங்களுக்கு 880 மில்லியன் மானியமாகவும் 270 மில்லியன் திருப்பிச் செலுத்தும் கடனாகவும் ஒதுக்கப்பட்டன. தேசிய நிறுவனங்களுக்கு 100 மில்லியன், நின்றுபோன கட்டுமானப் பணிகளுக்கு 120 மில்லியன், ஸ்காட்லாந்துக்கு 97, வேல்ஸுக்கு 59, வட அயர்லாந்துக்கு 33 மில்லியன் என்று எஞ்சியது பிரிந்தது. அக்டோபர் 12 அன்று வெளிவந்த முதற்பெரும் பட்டியலில் 1,385 நிறுவனங்கள் 257 மில்லியன் பவுன் பெற்றன. தேசிய நாடக அரங்கு, ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு போன்ற பெரியவை மானியத்தைக் காட்டிலும் நீண்டகாலக் கடனையே நாட வேண்டியிருந்தது. ராயல் ஆல்பர்ட் மண்டபமும் அவ்வாறே.

நோய்க்கு முன்னர் நிதிநிலை சீராக இருந்து, நோயினாலேயே தள்ளாடத் தொடங்கிய நிறுவனங்களுக்கே இந்நிதி. பொதுப் பணத்தை வழங்கும் அதிகாரி வேறு என்ன விதியை எழுத முடியும்? ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்த குழுவுக்கு மானியம் அளித்தால் தணிக்கையாளர் கேட்பார். கட்டடத்துக்கு முகவரி உண்டு. நிறுவனத்துக்குப் பதிவெண், தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழு ஆகியவை உண்டு. பணம் தவறினால் யாரைக் கேட்பது என்பது தெரியும். மூன்றே மாதங்களில் பெருந்தொகையைப் பகிர்ந்தளிக்க வேண்டியிருந்த நிலையில் கேட்கத் தெரிந்த முகவரிக்கே பணம் செல்லும். இதைக் கலைஞர்பால் இரக்கமின்மை என்று கூறிவிடுவது எளிது. அது சரியான கணிப்பு ஆகாது. நிறுவனத்தைக் காத்தால் அது கலைஞருக்கு வேலை தரும் என்ற எண்ணமும் இதனுள் இருந்தது.

அந்த எண்ணம் பாதியளவே பலித்தது. மூடிய அரங்கு மானியம் பெற்று, வாடகையும் மின்கட்டணமும் செலுத்தி, நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொண்டு, திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தது. திறக்காத அரங்கு நடிகரை ஒப்பந்தம் செய்யவில்லை; செய்ய வேண்டிய காரணமும் அதற்கு இல்லை. பிரிட்டனில் மாவட்ட நகரங்களின் நாடக அரங்குகள் கிறிஸ்துமஸ் கால இசை நாடகத்திலிருந்தே ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கைப் பெறுகின்றன. அந்நாடகத்துக்கான முடிவை ஜூலை, ஆகஸ்டுக்குள் எடுத்தாக வேண்டும். 2020-இல் பல அரங்குகள் அதை நிறுத்திவைத்தன. துணிந்து ஏற்பாடு செய்த லண்டன் அரங்குகள் சில டிசம்பர் முதல் வாரங்களில் திறந்தன. டிசம்பர் 16 அன்று புதிய கட்டுப்பாடுகளால் மீண்டும் மூடின. ஒத்திகை முடிந்து, உடை தைத்து, சில நாள்களே ஆடிய நாடகங்கள் அவை. இங்கிலாந்தில் அரங்குகள்மீதான கட்டுப்பாடுகள் நீங்கியது 2021 ஜூலை 19 அன்று. இடைப்பட்ட 16 மாதங்களில் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. அவற்றுள் ஆடவேண்டியவர்களில் பலர் சரக்கு வண்டி ஓட்டவும் பண்டகசாலைகளில் பணிபுரியவும் சென்றனர். விளக்கு, ஒலிப் பணியாளர் பலர் துறைக்குத் திரும்பவில்லை. அரங்கு திறந்தபின் தேர்ந்த பணியாளர் கிடைக்கவில்லை என்ற முறையீடு பரவலாக எழுந்தது.

தனியாளை நேரே அடைய முயன்ற நாடுகள் பட்ட பாட்டையும் காண வேண்டும். ஜெர்மனியில் மத்திய அரசின் முதல் அவசர உதவி, ஐந்து பேருக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு 9,000 யூரோ வரை அளித்தது. ஆனால் அது தொழிற்செலவுக்கு மட்டுமே: கடை வாடகை, குத்தகை, எந்திரத் தவணை. ஒரு பாடகிக்குத் தொழிற்செலவு என்ன? அவர் உண்ணும் உணவும் குடியிருக்கும் அறையும் விதிகளின்படி வாழ்க்கைச் செலவே. அதற்கு அடிப்படை வாழ்வுதவியைக் கோரும்படி கூறப்பட்டது. பெர்லின் நகரம் இதை உணர்ந்து, கலைஞர் உள்ளிட்ட சுயதொழிலாளர்களுக்கு 5,000 யூரோவைச் சில நாள்களிலேயே வங்கியில் செலுத்தியது. நகரத்தின் அந்த நிதி மிகக் குறுகிய காலத்தில் தீர்ந்துபோயிற்று. பின்னர் சரிபார்ப்பும், தகுதியற்றவரிடமிருந்து திருப்பிக் கேட்பதும் தொடர்ந்தன. மத்திய அரசு, தொழிற்செலவைக் கேளாமல் 7,500 யூரோ வரை தனியாளுக்கு அளிக்கும் உதவிக்கு வர 2021 ஆயிற்று. இதனிடையே, பண்பாட்டுத் துறையின் புதுத் தொடக்கத்துக்காக 2020-இல் ஒரு பில்லியன் யூரோவும், அடுத்த ஆண்டில் இன்னும் ஒரு பில்லியனும் ஒதுக்கப்பட்டன.

ஜெர்மனிக்கு ஒரு வசதி இருந்தது. 1981-இல் இயற்றப்பட்டு 1983 முதல் நடைமுறைக்கு வந்த கலைஞர் சமூகக் காப்பீடு அங்கு உண்டு. சுயதொழில் கலைஞர் பாதிச் சந்தாவைச் செலுத்துகிறார். மற்றப் பாதியில் 30 சதவீதம் கலைஞரின் உழைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்களிடமிருந்தும் 20 சதவீதம் மத்திய அரசிடமிருந்தும் வருகிறது. நோய்க்கும் முதுமைக்கும் என ஏற்பட்ட இக்காப்பீட்டின் துணைப்பயன், யார் தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒரு பதிவேடு இருந்தது என்பதாகும்.

பிரான்சில் இப்பதிவு இன்னும் பழமையானது. திரைப்படத் தொழிலாளருக்கென 1936-இல் தோன்றிப் பின்னர் அரங்கக் கலைஞருக்கும் விரிவடைந்த ஏற்பாட்டின்படி, பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும் கலைஞர், வேலையில்லாத இடைக்காலங்களில் உதவித்தொகை பெறுகிறார். அரங்குகள் மூடினால் 507 மணி நேரம் எப்படிச் சேரும்? 2020 மே 6 அன்று பிரெஞ்சு அதிபர் இதற்கு ஒரு வாக்கியத்தில் விடை கண்டார்: உரிமை பெற்றவர்களுக்கு அது 2021 ஆகஸ்டு இறுதி வரை தொடரும். பின்னர் அது 2021 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. புதிய படிவம் இல்லை. புதிய அலுவலகம் இல்லை. ஒரு தேதி மாற்றப்பட்டது. பட்டியலில் இடம்பெறாத இளங்கலைஞருக்கு இது உதவவில்லை என்பது உண்மையே. எனினும் பெருந்தொற்றின் பல திட்டங்களுள் நிர்வாக எளிமையில் இதற்கு நிகரானது அரிது.

இதற்கு நேர்மாறானது அமெரிக்க அனுபவம். மூடிய அரங்குகளுக்காக 2020 டிசம்பர் 27 அன்று சட்டமான 15 பில்லியன் டாலர் நிதி, அடுத்த மார்ச்சில் 1.25 பில்லியன் கூட்டப்பட்டு, ஏப்ரல் 8 அன்று விண்ணப்பத்துக்குத் திறக்கப்பட்டது. சில மணி நேரத்தில் மின்னணு வாயில் பழுதுற்று மூடப்பட்டது. மீண்டும் திறந்தது ஏப்ரல் 26 அன்று. பிராட்வே மூடி ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. அப்பணியை ஏற்றது சிறுதொழில் நிர்வாகத் துறை; நாடக அரங்குகளோடு அதற்கு முன்தொடர்பு இல்லை.

அமெரிக்காவிலேயே வேறொரு வழி முன்னர் முயலப்பட்டதுண்டு. பொருளாதார மந்தத்தின்போது 1935-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு நாடகத் திட்டம் அரங்குகளுக்கு மானியம் அளிக்கவில்லை. வேலையற்ற நடிகரை, இசைக்கலைஞரை, தச்சரை அரசே சம்பளத்துக்கு அமர்த்தியது. பணியாளரில் பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. உச்சக் காலத்தில் 12,000-க்கும் மேற்பட்டோர் அதில் பணிபுரிந்தனர். 1939-இல் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது; திட்டம் ஒரே நாளில் மறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், போரின் நடுவே, பிரிட்டனில் இசைக்கும் கலைகளுக்கும் ஊக்கமளிக்கும் குழு ஒன்று அமைந்தது; 1942 முதல் அதன் தலைவராக இருந்தவர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ். அது குழுக்களையும் நிறுவனங்களையும் ஆதரிக்கும் பாதையில் சென்று, 1946-இல் ஆர்ட்ஸ் கவுன்சிலாக நிலைபெற்றது. ஆளுக்குச் சம்பளம் கொடுத்த திட்டம் நான்காண்டில் அழிந்தது. நிறுவனத்தைத் தாங்கிய திட்டம் இன்றும் இருக்கிறது. ஆகவே, நிறுவனத்தை விடுத்து மனிதருக்கே கொடுங்கள் என்று கூறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. கேட்க வேண்டியது, நிறுவனத்துக்குப் பதிவேடு இருப்பதுபோல் மனிதருக்கும் ஒன்று நெருக்கடிக்கு முன்னரே உண்டா என்பதாகும்.

இந்தியாவுக்கு வருவோம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. அன்றைய தினம் மராட்டியரின் புத்தாண்டான குடி பாட்வா என்பது பலருக்கு நினைவிராது. புனே மாவட்டத்து நாராயண்காவ்ங்கில் தமாஷா குழுக்கள் கூடாரம் அமைத்து அமர்ந்து, கிராமத் திருவிழாக்களுக்கு நிகழ்ச்சி பேசி முன்பணம் பெறும் காலம் அதுவே. அடுத்த சில வாரங்களில் ஆடுவதே ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. கரையோரக் கர்நாடகத்தில் யட்சகான மேளங்கள் நவம்பரில் புறப்பட்டு மே மாத இறுதி வரை இரவுதோறும் ஆடுபவை. அவை இடைவழியில் நின்றன. வடமலபாரின் தெய்யம் துலாம் மாதத்தில் தொடங்கி இடவம் வரை நடைபெறுவது; அதுவும் பாதியில் முடிந்தது. இவற்றுக்குக் கட்டடம் இல்லை. வயலும் கோயில் முற்றமும் அரங்கு. பிரிட்டனின் 1.57 பில்லியனை அப்படியே கொண்டுவந்து இங்கு வைத்திருந்தாலும், அதனைப் பெற்றுக்கொள்ளும் கதவு எது என்பது தெரிந்திராது.

இந்தியாவில் அரங்கக் கலைகளுக்கெனத் தனிப்பெரும் அவசர நிதி அமையவில்லை. ஊரடங்கு தொடங்கிய மறுநாள் அறிவிக்கப்பட்ட ஏழைகள் நலத் திட்டம் ஒருவரின் தொழிலைக் கேளாமல் ஏழைமையைக் கேட்டது: ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மூன்று மாதங்கள் 500 ரூபாய், குடும்ப அட்டைக்கு இலவச தானியம். தமாஷா நடனப் பெண்ணுக்கும் அது கிடைத்திருக்கக்கூடும்; சொந்த ஊரை விட்டுக் கூடாரத்தில் இருந்தவருக்கு அட்டை ஊரில் இருந்தது என்பது வேறு. பண்பாட்டு அமைச்சகம் தனது வழக்கமான திட்டங்களைத் தொடர்ந்தது. குழு மானியம், குரு-சீடர் உதவி, முதிய கலைஞர் உதவித்தொகை ஆகியவற்றோடு, மானியம் பெற்ற குழுக்கள் இணையவழியில் நிகழ்ச்சி நடத்திக் கணக்குக் காட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது. பயனுள்ள தளர்வே. ஆயினும் அது ஏற்கெனவே மானியப் பட்டியலில் உள்ள, சங்கமாகப் பதிவு பெற்ற, ஒளிப்பதிவு செய்யக்கூடிய குழுவுக்கு உதவியது. விடியவிடிய வயலில் ஆடும் கூத்தைக் கைப்பேசியின் சிறு திரைக்குள் அடக்குவது எப்படி என்ற கேள்வியைச் சுற்றறிக்கை எழுப்பவில்லை.

பட்டியல் இருந்த இடங்களில் உதவி சென்றது என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தின் உறுப்பினர்களுக்கு, பதிவின் அடிப்படையில், பெருந்தொற்றுக் காலத்தில் ரொக்க உதவி வழங்க முடிந்தது. தொகை சிறிது, பதிவு செய்யாதவர் பலர். ஆனால் யாரிடம் கேட்பது என்ற கேள்வி எழவில்லை. மத்திய அளவில், கலைஞர்களையும் கலைகளையும் கணக்கெடுக்கும் பண்பாட்டு வரைபட இயக்கம் 2017-இலேயே ஏற்கப்பட்டது. பெருந்தொற்று வந்தபோது அதனிடம் உதவி வழங்கப் பயன்படும் பட்டியல் இருக்கவில்லை. 2021-இல் இந்திராகாந்தி தேசியக் கலை மையத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் அது கிராமங்களின் மரபுச் செல்வங்களைப் பதிவதில் முனைந்தது. 2021 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேடு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கானது. 30 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்துள்ளனர். ஆண்டில் ஏழு மாதம் வேடம் கட்டி, மழைக்காலத்தில் வயலில் நடவு நடுபவர் அதில் தமது தொழிலை எதுவென்று குறிப்பார்? கேட்கப்பட்ட நாள் ஆடி மாதமாக இருப்பின் விவசாயக் கூலி என்றே கூறுவார். இலண்டன் வயலின் கலைஞரின் பாதிக்குப் பாதி வருமானச் சிக்கலே இங்கு வேறு உடையில் நிற்கிறது.

பிரான்சைப் போல் மணிக்கணக்கை அளவாக வைப்பதும் இங்குப் பொருந்தாது. யட்சகானக் கலைஞருக்கு அலகு ஓர் இரவு. தெய்யக்காரருக்கு ஒரு காவின் திருவிழா, அதற்கு முன் நோன்பு நாள்களும் உண்டு. தமாஷா நடனக்காரருக்கு ஒரு பருவம். எத்தனை இரவு, எந்தப் பருவம் என்ற அளவைக் கலைதோறும் வகுக்க வேண்டியிருக்கும். 1980-களின் நடுவில் அமைந்த ஏழு வட்டாரப் பண்பாட்டு மையங்களுக்கு இதற்கான மாநிலத் தொடர்பும் ஊர்த் தொடர்பும் உண்டு. அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் அளிக்கும் சோதனையைத் தொடங்கியபோது, தகுதியுள்ளோர் 8,000-க்கும் மேல் இருந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. தகுதியுள்ளோர் எத்தனை பேர் என்று தெரிந்த நாட்டினால்தான் குலுக்கவும் முடியும்.

நாராயண்காவ்ங் கூடாரத்தில் ஒப்பந்தம் ஏற்படுவது ஊர்ப் பெரியவர்களுக்கும் குழு உரிமையாளருக்கும் இடையில். தேதி, தொகை, முன்பணம் ஆகியவை முடிவாகின்றன. ஆடுபவர், டோல்கி அடிப்பவர், கூடாரம் நடுபவர் பெயர்கள் அதில் இடம்பெற வேண்டிய கட்டாயம் இல்லை. அவ்வொப்பந்தத்தோடு அவர்களின் பெயரும் வங்கிக் கணக்கும் கொண்ட ஒரு தாளை இணைத்து, அதன் படியைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தால் குழுவுக்குத் திருவிழா அனுமதிக் கட்டணத்தில் ஒரு சிறு சலுகை என்று வைக்கலாம். பருவத்துக்கு ஒரு தாள் போதும். முதல் ஆண்டில் பாதிக் குழுக்களே கொடுக்கும். உரிமையாளர் சிலர் ஆள்கணக்கைக் குறைத்தும் காட்டுவர். அதனைத் தாலுகா அலுவலர் கேட்டு அறிய வேண்டியிருக்கும்.